மூலைவாட்டு வெட்டு

மூலைவாட்டு வெட்டு என்பது, நெய்த துணியை அதன் பாவு நூலுக்கோ ஊடை நூலுக்கோ இணையாக வெட்டாமல், இரண்டுக்கும் சாய்வான திசையில் வெட்டித் தைக்கும் தையற்கலை முறை ஆகும். சாய்வு சரியாக 45 பாகையாக இருக்கும்போது அது முழு மூலைவாட்டு எனப்படும். தமிழகத்துத் தையற்காரர்கள் இதனைக் கிராஸ் கட்டிங் என்றும், இவ்வாறு வெட்டிய பட்டைகளைக் கிராஸ் பட்டி அல்லது கிராஸ் பீஸ் என்றும் அழைக்கின்றனர். இரவிக்கையின் முன்பகுதி, கழுத்து ஓரப்பட்டை, பைப்பிங், சுடிதார் காற்சட்டை ஆகியவை இம்முறையின் நன்கு அறியப்பட்ட பயன்பாடுகள் ஆகும்.

மூலைவாட்டுத் துணி இழுபடும் தன்மை உடையது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதிலுள்ள நூல்கள் ஏறத்தாழ நீள்வதே இல்லை. நூல்களுக்கு இடையேயுள்ள கோணம் மட்டுமே மாறுகிறது. அதனால் துணி ஒரு பக்கம் நீளும்போது மறுபக்கம் சுருங்குகிறது. இம்முறையில் பின்பற்றப்படும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பண்பிலிருந்தே பிறக்கின்றன.

சொற்கள்

நெய்த துணியில் நீளவாக்கில் செல்லும் நூல் பாவு, அகலவாக்கில் செல்லும் நூல் ஊடை. ஊடை நூல் திரும்பி வருமிடத்தில் துணியின் இரு பக்கங்களிலும் அமையும் அடர்ந்த ஓரம் கரை ஆகும். கரைக்கு இணையாக வெட்டுவது நேர்வெட்டு.

"குறுக்கு" என்னும் சொல் சில நேரங்களில் குழப்பம் தருவதுண்டு. நெசவில் குறுக்கு என்றால் ஊடையின் திசை. தையலில் குறுக்கு வெட்டு என்றால் பலர் கிராஸ் கட்டிங்கையே கருதுகின்றனர். எனவே இக்கட்டுரையில் மூலைக்கு மூலை செல்லும் திசை மூலைவாட்டு என்றே குறிப்பிடப்படுகிறது.

செயற்படும் விதம்

கட்டம் போட்ட லுங்கி ஒன்றை எடுத்துக்கொண்டு இதனை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். கரையின் திசையில் இழுத்தால் துணி ஏறத்தாழ அசைவதில்லை. ஒரு கட்டத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் அந்தச் சதுரம் சாய்சதுரமாக மாறுகின்றது. இழுக்கும் திசையில் அது நீண்டு, மற்றைத் திசையில் ஒடுங்குகின்றது. கட்டத்தின் நான்கு பக்கங்களின் நீளம் மட்டும் மாறுவதில்லை.

பாவும் ஊடையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிச் செல்கின்றனவே அன்றி, சந்திக்கும் இடத்தில் ஒட்டப்பட்டவை அல்ல. ஆகவே ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சிறு கீல் போலத் திரும்புகிறது. இவ்வாறு கோணம் மாறுவது இயற்பியலில் நறுக்கத் திரிபு எனப்படும்.

பக்கம் 10 செ.மீ உள்ள ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டால், நூல்களுக்கு இடையேயுள்ள கோணம் மாறும்போது அதன் இரு மூலைவிட்டங்களும் பின்வருமாறு மாறும்:

90 பாகை: 14.14 செ.மீ, 14.14 செ.மீ
80 பாகை: 15.32 செ.மீ, 12.86 செ.மீ
70 பாகை: 16.38 செ.மீ, 11.47 செ.மீ

கோணம் 10 பாகை மட்டும் குறைந்தாலே துணி ஒரு திசையில் ஏறத்தாழ 8% நீண்டு, மறு திசையில் 9% ஒடுங்குகிறது. 20 பாகை குறையும்போது நீட்சி ஏறத்தாழ 16%, ஒடுக்கம் 19%. அதாவது நீளத்தில் கிடைப்பது அகலத்திலிருந்து எடுக்கப்பட்டதே ஆகும்.

இந்த மாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. கோணம் மிகக் குறையும்போது அடுத்தடுத்த நூல்கள் ஒன்றோடொன்று நெருங்கி முட்டிக்கொள்கின்றன. அதற்கு மேலும் இழுத்தால் துணி நீளாமல் மேடுதட்டிச் சுருங்கும். தளர்வாக நெய்த துணியில் இந்த எல்லை தொலைவிலும், நெருக்கமாக நெய்த பாப்ளின் போன்ற துணியில் அருகிலும் அமைகின்றது. சாட்டின் நெசவில் நூல்கள் ஏறி இறங்கும் இடங்கள் குறைவு என்பதால் அது எளிதில் சாய்கின்றது. கஞ்சி போட்ட பருத்தித் துணியில் கஞ்சியே சந்திப்புகளை ஒட்டி வைப்பதால் சாய்வு குறைவு. துவைத்துக் கஞ்சி நீங்கியபின் அதே துணி வேறுவிதமாக நடந்துகொள்ளும்.

பின்னலாடைத் துணியிலிருந்து மூலைவாட்டுத் துணி வேறுபட்டது. திருப்பூரில் பெருமளவில் உற்பத்தியாகும் பனியன் துணியில் நூல் வளையங்களாகக் கோக்கப்பட்டிருப்பதால், அவ்வளையங்கள் உருமாறி எல்லாத் திசைகளிலும் நீட்சி தருகின்றன. நெய்த துணியிலோ மூலைவாட்டிலும் அதற்கு அருகிலுள்ள திசைகளிலும் மட்டுமே அத்தகைய நீட்சி உண்டு.

வரலாறு

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் கால்களை இறுகப் பற்றும் காலுறைகள் நெய்த கம்பளித் துணியிலிருந்தே தைக்கப்பட்டன. அவை முழங்காலில் மடங்கவும் கெண்டைக்காலில் பொருந்தவும் வேண்டியிருந்ததால் மூலைவாட்டாக வெட்டப்பட்டன. 1589ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லீ பின்னல் இயந்திரத்தை உருவாக்கினார். பின்னிய காலுறைகள் பரவியபின் துணியால் தைத்த காலுறைகள் வழக்கொழிந்தன.

இந்தியாவில் சுடிதார் காற்சட்டை இதே தேவைக்காக இதே தீர்வைப் பயன்படுத்துகின்றது. இன்று தமிழகத்தில் சுடிதார் என்னும் சொல் மேலாடை, காற்சட்டை, துப்பட்டா ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிக்கின்றது. உண்மையில் அது காற்சட்டையின் பெயர். காலின் நீளத்தைவிட அதிகமாகத் தைக்கப்படும் அதன் அடிப்பகுதி, கணுக்காலில் வளையல்களை அடுக்கியதுபோல மடிந்து நிற்பதால் இந்தியில் வளையலைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் ஏற்பட்டது. மரபு முறையில் துணியின் ஓரங்களை இடம் நகர்த்தி இணைத்து முதலில் ஒரு பை போலத் தைத்துக்கொள்வர். பையில் இணைப்புத் தையல் திருகு சுழலாகச் சாய்ந்து ஓடும். அந்தப் பையை மடித்துக் கால்களை வெட்டும்போது, துணியை அதிகம் வீணாக்காமல் கால் முழுவதும் மூலைவாட்டில் அமைகிறது. இங்கும் ஐரோப்பியக் காலுறைகளுக்கு நேர்ந்ததே நேர்ந்தது. 2000களுக்குப் பின்னர் பின்னலாடைத் துணியில் தைத்த லெகின்ஸ் பல இடங்களில் சுடிதார் காற்சட்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

முழு உடையையும் மூலைவாட்டில் வெட்டும் முறையைப் புகழ்பெறச் செய்தவர் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மடலீன் வியோனே (1876–1975) ஆவார். 1912ஆம் ஆண்டு பாரிசில் தமது நிறுவனத்தைத் தொடங்கிய இவர், முதலாம் உலகப் போரின்போது அதனை மூடி, போருக்குப்பின் மீண்டும் திறந்து 1939 வரை நடத்தினார். தாளில் வரைவதற்குப் பதிலாக ஒரு சிறிய மரப்பொம்மையின் மீது துணியைப் போர்த்தி வடிவங்களை உருவாக்குவது இவரது வழக்கம். மூலைவாட்டு வெட்டை இவர் கண்டுபிடித்தார் எனச் சிலர் எழுதுவது சரியன்று. பட்டைகளுக்கும் கழுத்துப்பட்டிகளுக்கும் முன்பே பயன்பட்ட முறையை இவர் முழு உடைக்கு விரிவுபடுத்தினார் என்பதே பொருந்தும்.

இரவிக்கையில் மூலைவாட்டு வெட்டு

தமிழகத்தில் இம்முறை மிகுதியாகப் பயன்படுவது சேலைக்கான இரவிக்கையில் ஆகும். நெய்த துணி தட்டையானது. மார்பின் வடிவமோ இரு திசைகளிலும் வளைந்தது. சாதா கட்டிங் எனப்படும் நேர்வெட்டில் இந்த வளைவு முழுவதும் டார்ட் எனப்படும் மடிப்புத் தையல்களாலேயே உண்டாக்கப்படுகின்றது. கிராஸ் கட்டிங்கில் முன்துண்டு மூலைவாட்டில் வெட்டப்படுவதால், டார்ட்டுகள் தரும் வடிவத்தோடு துணியும் சற்றுச் சாய்ந்து கொடுத்து உடலில் படிகின்றது.

இரவிக்கையின் எல்லாத் துண்டுகளும் மூலைவாட்டில் வெட்டப்படுவதில்லை. முதுகுத் துண்டு, கை, இடுப்புப் பட்டி, கொக்கி வைக்கும் பட்டி ஆகியவை பொதுவாக நேர்வெட்டாகவே இருக்கும். கொக்கிப் பட்டி இழுபட்டால் கொக்கிகளுக்கு இடையே வாய் திறக்கும். இடுப்புப் பட்டி இழுபட்டால் இரவிக்கை மேலேறும். வடிவம் மாற வேண்டிய இடத்தில் மூலைவாட்டு, அளவு மாறக்கூடாத இடத்தில் நேர்வெட்டு என்பதே இதன் பொதுவிதி.

முன்துண்டு வெட்டும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உயரம். முன்துண்டு அகலவாக்கில் இழுபடும்போது உயரம் குறைகின்றது. 25 செ.மீ உயரமுள்ள துண்டு அகலத்தில் 4% நீண்டால் உயரத்தில் ஏறத்தாழ 1 செ.மீ குறையும். சாதா கட்டிங்கின் அளவுத்தாளை அப்படியே மூலைவாட்டில் வைத்து வெட்டிய இரவிக்கை, உடுத்தியதும் முன்பக்கம் தூக்கி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, இடமும் வலமும். இரு முன்துண்டுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைய வேண்டும். துணியை இரட்டையாக மடித்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து வெட்டினால் இது தானாகவே அமையும். ஒற்றைத் துணியில் ஒரே திசையில் இரு முறை வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக்குரியனவாகிவிடும். கோடு போட்ட துணியில் சரியாக வெட்டிய இரு துண்டுகளும் நடுவில் சேரும்போது கோடுகள் அம்புமுனை போல் கூடும்.

மூன்றாவது, உள்துணி. வெளித்துணியை மூலைவாட்டிலும் லைனிங் துணியை நேர்வெட்டிலும் வெட்டி இரண்டையும் சேர்த்துத் தைத்தால், நேர்வெட்டாக உள்ள லைனிங்கே அளவைத் தீர்மானிக்கும். வெளித்துணி சாய இடமின்றிப் போகும். அதற்குச் செலவான கூடுதல் துணியும் உழைப்பும் வீணாகும். பசையுடைய பியூசிங் துணி ஒட்டுவதும், அடர்ந்த ஆரி வேலைப்பாடு செய்வதும் இதே விளைவைத் தரும்.

நான்காவது, துணியின் அளவு. மூலைவாட்டில் வைக்கப்படும் துண்டுகளைச் சுற்றி முக்கோணக் கழிவுகள் எஞ்சுவதால் இம்முறைக்குக் கூடுதல் துணி தேவை. சேலையுடன் சேர்த்து நெய்யப்படும் இரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 செ.மீ நீளமே இருக்கும். பெரிய அளவு உடலுக்கும் நீண்ட கைக்கும் அது போதாமற் போகலாம். அத்துண்டு தவறாக வெட்டப்பட்டால் அதே நிறத்திலும் கரையிலும் மாற்றுத் துண்டு கிடைப்பது அரிது. வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் ஒருவருக்கு இத்தகைய ஒரு தவறு, அன்றைய கூலியோடு வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் இழக்கச் செய்யும். எனவே வெட்டுமுன் எல்லாத் துண்டுகளின் தாள் வடிவங்களையும் துணிமேல் பரப்பிப் பார்த்துவிட்டு, போதவில்லை எனில் சாதா கட்டிங்கைத் தேர்வதே நல்லது.

மூலைவாட்டுப் பட்டைகள்

கழுத்து, கைக்குழி போன்ற வளைந்த ஓரங்களை முடிக்க மூலைவாட்டுப் பட்டை பயன்படுகின்றது. 9 செ.மீ ஆரமுள்ள அரைவட்டக் கழுத்தின் ஓரம் ஏறத்தாழ 28.3 செ.மீ ஆகும். அதில் 1.5 செ.மீ அகலப் பட்டையை வைத்துத் தைத்து உட்புறமாகத் திருப்பினால், பட்டையின் மறு ஓரம் 10.5 செ.மீ ஆரமுள்ள அரைவட்டத்தில் படிய வேண்டும். அதன் நீளம் 33 செ.மீ. ஒரே பட்டையின் இரு ஓரங்களும் ஏறத்தாழ 4.7 செ.மீ வேறுபட வேண்டும் என்பது இதன் பொருள். நேர்வெட்டுப் பட்டையில் இது இயலாது. அது மடிந்து சுருங்கும். மூலைவாட்டுப் பட்டையிலோ தைக்கப்படும் ஓரம் சற்றுச் சுருங்கியும் மறு ஓரம் சற்று நீண்டும் இவ்வேறுபாட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வோர் ஓரத்துக்கும் ஏறத்தாழ 8% மாற்றமே தேவைப்படும். மேலே கண்ட கணக்கின்படி அதற்குக் கோணம் ஏறத்தாழ 10 பாகை மாறினால் போதும்.

பட்டை தயாரிக்கும் முறை பின்வருமாறு:

1. துணியின் வெட்டிய விளிம்பிலிருந்து ஓர் ஊடை நூலை உருவி, அந்தத் தடத்தில் வெட்டி விளிம்பை நேராக்க வேண்டும்.
2. அந்த விளிம்பு கரையின் மேல் பொருந்துமாறு துணியை முக்கோணமாக மடிக்க வேண்டும். மடிப்புக் கோடே 45 பாகைத் திசை ஆகும்.
3. மடிப்புக்கு இணையாக 3 செ.மீ இடைவெளியில் கோடுகள் வரைந்து வெட்ட வேண்டும்.
4. இரு பட்டைகளை இணைக்கும்போது அவற்றின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து, செங்கோணத்தில் வைத்துச் சாய்வாகத் தைக்க வேண்டும். இணைப்புத் தையல் சாய்வாக அமைவதால் மடிக்கும்போது தடிப்பு ஒரே இடத்தில் குவிவதில்லை.

பக்கம் 30 செ.மீ உள்ள சதுரத் துணியின் பரப்பு 900 சதுர செ.மீ என்பதால், அதிலிருந்து 3 செ.மீ அகலத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் பட்டை கிடைக்கும். இணைப்புகளுக்குச் செல்லும் துணியைக் கழித்தால் இது சற்றுக் குறையும்.

பட்டையின் மடிப்பு கழுத்து வளைவின் உட்பக்கம் தெரியுமாறு ஓரம் கட்டும்போது, பட்டையை மெல்ல இழுத்துப் பிடித்துத் தைப்பது வழக்கம். முழுவதும் உட்புறம் திருப்பும் பட்டையை இழுக்காமல், முன்னதாகவே இஸ்திரிப் பெட்டியால் வளைவாகப் படியவைத்துத் தைப்பது நல்லது. இரண்டு முறைகளிலும் அளவுக்கு மீறி இழுத்தால் கழுத்து ஓரம் சுருங்கும்.

கையாளும் முறைகள்

பருத்தித் துணியை வெட்டுமுன் நீரில் நனைத்து உலர்த்த வேண்டும். பாவும் ஊடையும் வெவ்வேறு அளவில் சுருங்கக்கூடும். தைத்தபின் அவ்வாறு சுருங்கினால் மூலைவாட்டுத் துண்டு கோணலாகிவிடும்.

நெசவிலோ சுருட்டி வைக்கும்போதோ துணி கோணிப்போயிருந்தால், எதிர்மூலைகளை இழுத்துப் பாவும் ஊடையும் செங்கோணத்தில் நிற்குமாறு செய்துகொள்ள வேண்டும். வெட்டும்போது துணி முழுவதும் மேசைமேல் கிடக்க வேண்டும். விளிம்பில் தொங்கும் பகுதியின் எடையே மீதித் துணியை இழுத்துவிடும். வழுக்கும் துணியின் அடியில் மெல்லிய தாளை வைத்துக் குண்டூசி குத்தி, தாளோடு சேர்த்து வெட்டலாம்.

வெட்டிய உடனேயே கழுத்து, கைக்குழி ஆகியவற்றின் ஓரத்தில், தையற்கோட்டுக்குச் சற்று வெளியே ஒரு வரித் தையல் போட்டுவிட்டால் அவை விரியாது. தோள் தையலில் ஒரு நேர்வெட்டு நாடாவைச் சேர்த்துத் தைப்பதும் இதற்காகவே. நீண்ட மூலைவாட்டு இணைப்புகளில் துணி பின்னர் நீளும்போது நூல் அறுந்துவிடாமலிருக்க, குறுகிய வளைதையல் பயன்படுகின்றது.

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் தேய்த்து நகர்த்தாமல், வைத்து எடுத்து அழுத்த வேண்டும். தேய்க்க நேர்ந்தால் பாவு அல்லது ஊடையின் திசையில் மட்டுமே தேய்க்கலாம்.

மூலைவாட்டில் வெட்டிய பாவாடை, கவுன் போன்றவற்றின் அடியோரத்தை உடனே மடித்துத் தைக்கக் கூடாது. ஒரு நாளாவது தொங்கவிட்டால் துணியின் எடையாலேயே அது வேண்டிய அளவு இறங்கிவிடும். வட்டப் பாவாடையில் சில இடங்கள் மூலைவாட்டிலும் சில இடங்கள் நேரிலும் அமைவதால் அடியோரம் சமமின்றி இறங்கும். தரையிலிருந்து அளந்து சமன்செய்த பின்னரே மடித்துத் தைக்க வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகர்களில்

ஒரே துணிப்பண்பை வெவ்வேறு தையல் தொழில்கள் வெவ்வேறு விதமாகக் கையாள்வதைச் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியில் காணலாம்.

ஆவடியில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பட்ட படைத்துறை உடைத் தொழிற்சாலையில் படையினருக்கான சீருடைகள் தைக்கப்படுகின்றன. இத்தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது. சீருடை பலமுறை துவைத்தபின்னும் அளவு மாறாதிருக்க வேண்டும். ஆகவே அத்தகைய உடைகளின் முக்கியத் துண்டுகள் பொதுவாக நேர்வெட்டில் அமைகின்றன.

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடைத் தொழிலகங்களும் உள்ளன. இத்தகைய தொழிலகங்களில் துணி பல அடுக்குகளாக விரிக்கப்பட்டு ஒரே நேரத்தில் வெட்டப்படுகின்றது. துணி வீணாவதைக் குறைக்கவே துண்டுகள் நெருக்கமாக அடுக்கப்படுவதால், மூலைவாட்டு வெட்டு பெரும்பாலும் ஓரப்பட்டைகளுக்கு மட்டும் பயன்படுகின்றது. பட்டையை மடித்து ஊசிக்குச் செலுத்தும் போல்டர் என்னும் துணைக்கருவி தையல் இயந்திரத்தில் பொருத்தப்படுகின்றது.

வானகரம், மதுரவாயல், பூந்தமல்லி போன்ற இடங்களின் தெருக்களில் உள்ள தையற்கடைகளிலும் வீடுகளிலும் ஒவ்வோர் இரவிக்கையும் தனியொருவரின் அளவுக்கு வெட்டப்படுகின்றது. முழுத் துண்டையும் மூலைவாட்டில் வைத்து வெட்டும் திறமைக்குத் தேவை மிகுதியாக இருப்பது இங்குதான்.

பிற துறைகளில்

சில வட்டவடிவ வான்குடைகளின் துணித் துண்டுகள் மூலைவாட்டில் வெட்டப்படுகின்றன. குடை விரியும் கணத்தில் ஏற்படும் அதிர்ச்சியைத் துணியின் நெகிழ்வு ஓரளவு ஏற்றுக்கொள்கின்றது. விமான உறுப்புகளுக்கான கார்பன் இழைத் துணியை வளைந்த அச்சுகளின்மேல் படியவைக்கும்போதும் இதே கோணமாற்றமே நிகழ்கின்றது. அத்துணியின் இயல்பை அளவிட, அதனை மூலைவாட்டில் வெட்டி இழுத்துப் பார்க்கும் சோதனை பொறியியலில் வழக்கத்தில் உள்ளது. இரவிக்கைத் துணியை மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்துவிட்டு வெட்டத் தொடங்கும் தையற்காரர் செய்வதும் இதே சோதனைதான்.

இவற்றையும் பார்க்க

நெசவு
இரவிக்கை
சுடிதார்
தையல் இயந்திரம்
பின்னலாடை